ஆறு இலக்கத்துக்கு மேல் குப்பை

ஜூன் 3, செவ்வாய்

மூன்று முறை சோப்பு போட்டுக் கை கழுவியாயிற்று. இன்னும் நாறுகிறது. கிரீஸ், டீ, யாரோ எச்சில் தொட்டுப் புரட்டிய அட்டை எல்லாம் கலந்த ஒரு வாடை. இன்று தொட்டவை அறுபது கார்டுகள். இன்னும் முன்னூற்று ஐம்பத்திரண்டு பாக்கி.

சாப்பிடும்போது தங்கை, "அப்படி என்னதான்ணா வேலை உனக்கு? பொணத்தைத் தொட்டுட்டு வந்தவன் மாதிரி கையை மோந்து மோந்து பாக்குற" என்றாள்.

சொன்னேன். மருந்துக் கடை, ஆஸ்பத்திரி, ஆய்வகம் என்று நானூற்றுப் பன்னிரண்டு குளிர் அறைகளில் எங்கள் கம்பெனிப் பெட்டி மாட்டியிருக்கிறது. பெட்டிக்குள் ஒரு மோடம். ஆபீசில் இருக்கும் இயந்திரம் தினம் இரண்டு வேளை ஒவ்வொரு பெட்டிக்கும் போன் போட்டு, எத்தனை டிகிரி என்று கேட்கும். பெட்டி பதில் சொல்லும். எட்டு டிகிரிக்கு மேல் போனால் மெக்கானிக் ஓடுவார். அந்தப் பழைய இயந்திரத்தை ஜூலை ஒன்றாம் தேதி தூக்குகிறார்கள். வரப்போகும் கம்ப்யூட்டருக்கு எல்லா போன் நம்பரையும் ஒரே முறையில் எழுதிக் கொடுக்க வேண்டும். அது என் வேலை.

"நம்பர்தானே. அதுல என்ன முறை வேண்டிக் கிடக்கு?"

நானூற்றுப் பன்னிரண்டு பேரும் இதைத்தான் நினைத்திருக்கிறார்கள்.

ஜூன் 4, புதன்

முறை ஒன்றும் பிரம்ம வித்தை இல்லை. முதலில் கூட்டல் குறி. பிறகு நாட்டு எண். அடைப்புக்குறிக்குள் ஊர் எண். அதன்பின் உள்ளூர் எண், ஆறு இலக்கம். கூட்டல் குறியைப் பார்த்ததும் இது முழு விலாசம் என்று கம்ப்யூட்டருக்குப் புரிந்துவிடும். வெளி லைன் கிடைக்க முன்னால் 9 அடிக்க வேண்டுமா, ஊர் எண் தேவையா இல்லையா, எல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும். கூட்டல் குறி இல்லாவிட்டால் கொடுத்ததைக் கண்ணை மூடிக்கொண்டு அடிக்கும். பத்து வயதுப் பிள்ளைக்குப் புரியும்.

கார்டுகளில் இருப்பது என்ன? "9 போட்டு அடி." "இரண்டாவது நம்பர் நல்லது." "மழை பெய்தால் இது எடுக்காது." ஒன்றில் நம்பரே இல்லை — "பழைய நம்பர்தான்" என்று எழுதியிருக்கிறது. எந்தப் பழைய நம்பர்? இன்னொன்றில் "பக்கத்துக் கடையில் சொன்னால் கூப்பிடுவார்கள்." மோடம் என்ன, "அண்ணே, அந்தக் குளிர்பெட்டியைக் கொஞ்சம் கூப்பிடுங்களேன்" என்று கேட்குமா?

எல்லாம் மெக்கானிக் எழுதியவை. பதினைந்து வருடமாகப் பெட்டி மாட்டுகிறார். பழைய இயந்திரத்துக்குள் நம்பர்களைத் தன் கையாலேயே தட்டி ஏற்றியிருக்கிறார். அதிலிருந்து அவற்றை வெளியே எடுக்க வழியில்லை. இந்த அட்டைகள்தான் கதி.

ஜூன் 6, வெள்ளி

கார்டுகளைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது டைப்பிஸ்ட் அம்மா. நான் வைத்த பெயர் ஒற்றைவிரல். பதினெட்டு வருடம் இந்த ஆபீசில் இருந்தும் ஒரே ஒரு விரலால்தான் தட்டுகிறார். இடது கையைக் கார்டின் மேல் ஏதோ தாயத்து மாதிரி வைத்துக்கொண்டு, வலது ஆள்காட்டி விரலால் டொக்... டொக்... டொக். கேட்டுக்கொண்டிருந்தால் பல் கூசுகிறது.

இன்று என் மேசைக்கு ஒரு கார்டோடு வந்தார்.

"தம்பி, நம்பருக்கு நடுவுல புள்ளி புள்ளியா வச்சிருக்கே. இதையும் அடிக்கணுமா?"

பார்த்தேன். நீல மையில் மூன்று புள்ளிகள். அதற்குப் பின் இன்னும் இரண்டு இலக்கம். ஈ உட்கார்ந்துவிட்டுப் போன மாதிரி.

"உங்களுக்கு என்ன தோணுது?"

"வேணும்னுதான் வச்ச மாதிரி இருக்கு. நெறைய கார்டுல இருக்கு. மெக்கானிக்கைக் கேட்டுட்டு—"

"ஒவ்வொரு புள்ளிக்கும் அவரைத் தேடிப் போனா அடுத்த வருஷம்தான் முடியும். இருக்கிறதை அப்படியே அடிங்க. குப்பையை நான் வெட்டிக்கிறேன்."

தலையாட்டிவிட்டுப் போனார். டொக்... டொக்.

ஜூன் 10, செவ்வாய்

ப்ரோகிராம் எழுதி முடித்தேன். அழகாக வந்திருக்கிறது. ஒற்றைவிரல் ஏற்றியதை வரி வரியாகப் படிக்கும். எழுத்தா, தூக்கிப் போடு. கோடா, அடைப்பா, புள்ளியா, இடைவெளியா — தூக்கிப் போடு. முன்னால் 9 போட்டு அடிக்கச் சொல்லியிருந்தால் அந்த 9-ஐத் தூக்கிப் போடு. மிஞ்சுவதில் முதல் ஆறு இலக்கத்தை எடுத்துக்கொள். அதற்கு மேல் இருப்பது குப்பை. முன்னால் கூட்டல் குறியும் நாட்டு எண்ணும் ஊர் எண்ணும் சேர். முடிந்தது.

மொத்தம் நாற்பத்தாறு வரி. மனிதர்கள் பதினைந்து வருடம் சேர்த்த அசிங்கத்தைக் கழுவ இவ்வளவு போதும்.

ஜூன் 12, வியாழன்

வீட்டிலும் ஆரம்பித்தேன், வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அம்மாவின் போன் நோட்டைப் பார்த்தாலே எனக்கு ஆகாது. தலைகீழாக எழுதியவை, பழைய நம்பரின் மேலேயே புதியது எழுதியவை, ஓரமெல்லாம் எண்ணெய்க் கறை. புது நோட்டு வாங்கி, எல்லாவற்றையும் முறைப்படி, கூட்டல் குறியோடு, அகர வரிசையில் எழுதி வைத்தேன். பழையதைக் கிழித்துப் போட்டேன்.

சாயங்காலம் அம்மா நோட்டோடு வந்து நின்றாள். "உங்க அத்தை நம்பர் எங்கடா?"

பெயரைப் போட்டுத் தேடச் சொன்னேன்.

"அவ பேரு எனக்கே பாதி நாள் ஞாபகம் வராது. பச்சை மையில, பக்கத்துல தண்ணி பட்டு அழிஞ்ச எடம் — அதுதான் அவ நம்பர். அந்தப் பக்கம் எங்க?"

தங்கை சோற்றை வாயில் வைத்துக்கொண்டு சிரித்ததில் புரையேறிவிட்டது. நன்றாக வேண்டும் அவளுக்கு.

ஜூன் 17, செவ்வாய்

ஒற்றைவிரலால் வேலை மூன்று நாள் தள்ளிப் போய்விட்டது. மேனேஜர் காரணம் கேட்டார். வாயால் சொன்னால் மறந்துவிடுவார் என்று எழுதியே கொடுத்தேன். தலைப்பு: "எண் பதிவில் கண்ட பிழைகள்". கார்டு எண், வரி எண் போட்டு முப்பத்தொரு பிழை. விட்டுப்போன இலக்கங்கள், இடம் மாறியவை, "தேவையற்ற புள்ளிகளும் உபரி இலக்கங்களும்". கடைசியில் ஒரு வரி: "இவ்வளவு கவனக்குறைவான ஒருவரை எண் சார்ந்த வேலையில் வைப்பது கம்பெனிக்கு ஆபத்து."

மேனேஜர் படித்துவிட்டு, "நல்லா எழுதுறீங்க தம்பி" என்று மடித்துப் பைலில் வைத்துக்கொண்டார்.

ஒற்றைவிரலுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. மதியம் தண்ணீர்க் குழாயருகே நின்று, "தப்பு இருந்தா என்கிட்டயே சொல்லியிருக்கலாமே தம்பி. இதை விட்டா எனக்கு வேற வேலை தெரியாது" என்றார். குரல் உயரவில்லை. டம்ளரைக் கழுவிக்கொண்டே சொன்னார்.

தெரியாதென்றால் கற்றுக்கொள்ள வேண்டியதுதானே. சொல்லவில்லை. நினைத்தேன்.

ஜூன் 20, வெள்ளி

விட்டுப்போனதையும் மாறியதையும் அந்தந்த இடத்திலேயே கேட்டுத் திருத்தி, நம்பரே இல்லாதவற்றையும் நிரப்பி ஓட்டினேன். 412-க்கு 412. ஒரு வரி பிசகவில்லை.

ஜூலை 1, செவ்வாய்

பழைய இயந்திரத்தைத் தூக்கினார்கள். அடியில் ஒரு கைப்பிடி கரப்பான் முட்டை. நான் தள்ளி நின்றேன். மெக்கானிக் மட்டும் அதன் மேல் கையை வைத்துக்கொண்டு சாவு வீட்டில் நிற்பவர் மாதிரி நின்றார்.

புதியது சாயங்காலம் ஆரம்பித்தது. நானூற்றுப் பன்னிரண்டு அழைப்பு, நான்கு லைன், சரசரவென்று. மெக்கானிக் ஐந்து நிமிடம் காது கொடுத்துக் கேட்டார்.

"என்ன தம்பி, இது மூச்சே விடாம அடிக்குது?"

"இதுக்கு மூச்சு வாங்காதுண்ணே. கம்ப்யூட்டர்."

"அதுவும் சரிதான்" என்றார். போய்விட்டார்.

ஜூலை 3, வியாழன்

பன்னிரண்டு இடங்களில் பதில் இல்லை. லைன் கோளாறு என்று எழுதி மெக்கானிக்கிடம் தள்ளிவிட்டேன். மற்ற நானூறும் அட்சர சுத்தம்.

ஜூலை 12, சனி

குழந்தைகள் ஆஸ்பத்திரியிலிருந்து போன். கீழ்த்தளக் குளிர் அறையைத் தலைமை நர்ஸ் திறந்திருக்கிறார். தரையில் தண்ணீர். சுவரில் தொங்கும் சாதாரண வெப்பமானி இருபத்து மூன்று காட்டுகிறது. செவ்வாய்க்கிழமையே குளிர்க்கருவி நின்றிருக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். தடுப்பூசி மருந்து முழுவதும் வீண். அது மட்டுமில்லை. இந்த நாலு நாளில் அந்த மருந்தை எண்பத்தாறு குழந்தைகளுக்குப் போட்டிருக்கிறார்கள். அத்தனை பேரையும் திரும்ப வரவழைத்துத் திரும்பக் குத்த வேண்டும்.

எங்கள் ரிப்போர்ட்டில் கீழ்த்தளம்: 4.1. 4.0. 4.1. 4.2. தினமும் இரண்டு வேளை, நல்ல பிள்ளையாக.

இருபத்து மூன்று டிகிரியில் இருக்கும் அறை எப்படி நாலு என்று சொல்லும்?

நம்பர் தப்பாக ஏறியிருக்கிறது. அந்த ஒற்றை விரல். வேறு என்ன.

ஜூலை 14, திங்கள்

மேனேஜர் அறை. ஆஸ்பத்திரிக்காரர்கள் இரண்டு பேர், மேனேஜர், நான், வாசலோரம் டைப்பிஸ்ட். உட்காரச் சொல்லவில்லை யாரும்.

மேனேஜர் பைலைத் திறந்து என் தாளை எடுத்து மேசையில் வைத்தார். "ஒரு மாசம் முன்னாடியே எங்க இஞ்சினியர் எச்சரிச்சிருக்கார். நாங்கதான் எரக்கப்பட்டு விட்டுட்டோம்" என்றார். எனக்குத் தெரியாமலேயே எனக்கொரு மகுடம். கடைசி வரியைச் சத்தமாக வாசித்தார். 'கம்பெனிக்கு ஆபத்து.'

வாசலில் நின்றவர் என்னைப் பார்க்கவில்லை. "கார்டுல இருந்ததைத்தான் சார் அடிச்சேன்" என்று ஒரே ஒரு முறை சொன்னார்.

பகல் பன்னிரண்டு மணிக்குத் தன் மூக்குக்கண்ணாடிக் கூடு, டம்ளர், நாற்காலியில் போட்டிருந்த சின்ன மெத்தை மூன்றையும் ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். மகள் பள்ளிக்கூடத்தில் கடைசி வருடம் படிக்கிறாளாம். வரவேற்பில் இருப்பவள் சொல்லி மூக்கை உறிஞ்சினாள்.

தப்பு செய்தால் போகத்தானே வேண்டும். நான் எழுதியது பொய்யா?

ஜூலை 16, புதன்

பொய்.

எந்த நம்பரை மாற்றி அடித்திருக்கிறார் என்று காட்டி ஒரு அறிக்கை கேட்டார் மேனேஜர். டைப்பிஸ்ட் அடித்து வைத்த பிளாப்பியைத் திறந்தேன். பக்கத்தில் கார்டை வைத்தேன்.

கார்டு, அதே ஆஸ்பத்திரியின் மருந்தகம் — 452816. அவர் அடித்தது — 452816.

கார்டு, கீழ்த்தளம் — 452816, மூன்று புள்ளி, 27. அவர் அடித்தது — 452816...27.

ஒரு புள்ளி கூடவில்லை, குறையவில்லை.

பிறகு என் ப்ரோகிராம் கக்கியதைப் பார்த்தேன். மருந்தகம் 452816. கீழ்த்தளம் 452816. இரண்டுக்கும் ஒரே நம்பர். ஆறு இலக்கத்துக்கு மேல் இருந்ததை நான் வெட்டிவிட்டேன். குப்பை என்று.

பன்னிரண்டாம் தேதி வரை பதினோரு நாளும் கம்ப்யூட்டர் அதே மருந்தகத்துப் பெட்டியையே இரண்டு முறை கூப்பிட்டிருக்கிறது. பெட்டி தான் யார் என்று சொல்லாது, டிகிரியை மட்டும் சொல்லும். ஒரே பெட்டியின் பதிலை நான் இரண்டு பெயரில் எழுதி வைத்திருக்கிறேன். ரிப்போர்ட்டுகளை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். இருபத்திரண்டு வேளை. இருபத்திரண்டும் தசமப் புள்ளிக்குப் பின்னால் வரை அச்சு அசல். இரண்டு வெவ்வேறு அறை இப்படி ஒத்துப்போகவே போகாது. தினம் காலையில் அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டது யார்? நான்தான்.

கழிப்பறைக்குப் போய் முகத்தைக் கழுவினேன். கண்ணாடியைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

ஜூலை 17, வியாழன்

மெக்கானிக்கை வண்டிக் கொட்டகையில் பிடித்தேன். கார்டைக் காட்டி, "இந்தப் புள்ளி என்னண்ணே?" என்றேன்.

"மூச்சு" என்றார்.

"என்ன மூச்சு?"

"சில எடத்துல ஒரே நம்பர்தான் தம்பி, உள்ளே ஏகப்பட்ட கிளை. மொதல்ல பெரிய நம்பரை அடிக்கணும். உள்ளே இருக்கிற எக்ஸ்சேஞ்சு பொட்டி எடுக்கும். எடுத்த உடனே கிளை நம்பரை அடிச்சா அதுக்குக் காதுல விழாது. கொஞ்சம் பொறுக்கணும். எத்தனை மூச்சு விடுற நேரம் பொறுக்கணுமோ, அத்தனை புள்ளி வப்பேன். இந்த ஆஸ்பத்திரிக்கு மூணு. அப்புறம் 27. ஒண்ணுமே அடிக்கலேன்னா ஆள் இல்லாத நேரத்துல மருந்தகத்துக்குப் போயிடும். நான்தான் அப்படிச் செட் பண்ணி வச்சேன்."

"இதை ஏன் எங்கேயும் எழுதி வைக்கலை?"

"எழுதித்தானே வச்சிருக்கேன்" என்று புள்ளிகளைக் காட்டினார். "யாரும் கேக்கலை. டைப் அடிக்கிற அந்தம்மா மட்டும் ஒருநாள் தேடி வந்திச்சாம். நான் வெளியூர்ல இருந்தேன்."

அப்படியானால் நான் வேண்டாம் என்று சொன்ன பிறகும் தேடிப் போயிருக்கிறார்.

இன்னொரு கேவலம். மென்பொருளோடு வந்த புத்தகத்தை மதியம் முழுக்கப் படித்தேன். கூட்டல் குறி, நாட்டு எண், ஊர் எண் எல்லாம் முப்பத்தெட்டாம் பக்கம். நாற்பத்தொன்றாம் பக்கத்தில், உள்ளூர் எண்ணுக்குப் பின்னால் காத்திருப்புக் குறியையும் கிளை எண்ணையும் சேர்த்து எழுதலாம் என்று ஒரு பத்தியே இருக்கிறது. அந்த முறையில் அதற்கு இடம் இருந்திருக்கிறது. நான் மூன்று பக்கம் முன்னால் மூடி வைத்துவிட்டு ஊருக்கெல்லாம் பாடம் நடத்தியிருக்கிறேன்.

புள்ளி வைத்த கார்டுகள் மொத்தம் பத்தொன்பது. பன்னிரண்டு, பதில் இல்லை என்று நான் லைன் மேல் பழி போட்டவை. ஏழு, வேறு பெட்டியின் பதிலைத் தன் பதிலாகச் சொல்லிக்கொண்டிருந்தவை. ஆஸ்பத்திரி போக மிச்சம் ஆறு இடமும் நல்லபடியாக இருக்கிறது, மெக்கானிக் போய்ப் பார்த்துவிட்டார். ப்ரோகிராமை மாற்றினேன். பத்தொன்பதும் இப்போது சரியாகப் பேசுகின்றன.

என் பிழைப் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். முப்பத்தொன்றில் பத்தொன்பது, இந்தப் பத்தொன்பதுதான். 'தேவையற்ற புள்ளிகளும் உபரி இலக்கங்களும்.' அப்படியே அடிக்கச் சொன்னவனும் நான். அடித்ததைப் பிழை என்று எழுதிப் பட்டியலை நீட்டியவனும் நான்.

ஜூலை 18, வெள்ளி

மேனேஜரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கதவைச் சாத்தச் சொன்னார்.

"இப்ப எல்லாம் சரியா ஓடுதா?"

"ஓடுது."

"அப்புறம் என்ன?"

"அவங்களைத் திரும்பக் கூப்பிடணும்."

பேனாவை மூடி வைத்தார். "தம்பி, டைப் பண்றதுல தப்புன்னா அது ஒரு ஆளோட தப்பு. ஆளை அனுப்பியாச்சு, ஆஸ்பத்திரிக்காரங்களும் சமாதானம் ஆயாச்சு. ப்ரோகிராம்ல தப்புன்னா நானூத்திப் பன்னெண்டு எடமும் நாளைக்கு இங்க வந்து நிக்கும். உங்க வேலையும் போகும், என் வேலையும் போகும். அந்தம்மாவுக்கு நான் வேற எங்கயாவது சொல்லி விடுறேன்."

"எப்ப?"

"சொல்றேன்ல."

மேசையில் அவர் பாதி கடித்த பிஸ்கட் ஒன்று இருந்தது. அதன் மேல் எறும்பு ஊர்ந்தது. பேசிக்கொண்டே எறும்பைத் தட்டிவிட்டு அதை வாயில் போட்டுக்கொண்டார். அருவருப்பாக இருந்தது. சரி என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

சரி என்று சொன்னேன். நான்தான்.

ஜூலை 20, ஞாயிறு

சாப்பிடப் பிடிக்கவில்லை. தங்கையிடம் சொன்னேன். நடுவில் பேசாமல் முழுக்கக் கேட்டாள். அதுவே பயமாக இருந்தது.

"அப்ப எல்லாத்தையும் சரி பண்ணிட்டே. அவங்களை மட்டும் விட்டுட்டே."

"மேனேஜர் பார்த்துக்கிறேன்னு—"

"அண்ணா. நீ அவங்களைப் பத்தி எழுதித்தானே குடுத்தே. இப்ப மட்டும் ஏன் வாயால பேசிட்டு வர்றே?"

சாயங்காலம் ஒன்று செய்து பார்த்தேன். பத்துக் கார்டை எடுத்து வந்திருந்தேன். பத்து விரலாலும் வேகமாகத் தட்டினேன். இரண்டு பிழை. பிறகு அவர் மாதிரி, இடது கை விரலைக் கார்டில் ஒவ்வொரு இலக்கத்தின் அடியிலும் நகர்த்திக்கொண்டே, வலது கையின் ஒரே விரலால் அடித்தேன். ஒரு பிழையும் இல்லை. இடது கை அங்கே சும்மா இருக்கவில்லை. கண் தவறாமல் அதுதான் காவல் இருந்திருக்கிறது.

என் பட்டியலில் மிச்சம் பன்னிரண்டு 'பிழை'யையும் கார்டோடு ஒத்துப் பார்த்தேன். எட்டில் கார்டே தப்பு. அவருடையவை நான்கு. நானூற்றுப் பன்னிரண்டில் நான்கு.

ஜூலை 21, திங்கள்

எழுதினேன். ஒரே பக்கம். "முந்தைய அறிக்கை தவறு. பிழை டைப்பிஸ்டுடையது அல்ல. ப்ரோகிராமுடையது. எழுதியவன் நான்." கார்டு, பிளாப்பி, ப்ரோகிராம் வரி, மூன்றையும் நகல் எடுத்துக் கூடவே வைத்தேன். ஒரு பிரதி மேனேஜர் மேசையில். இன்னொன்றை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

தலைமை நர்ஸ் கீழ்த்தளத்தில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். எதிரே எண்பத்தாறு பெயர் எழுதிய நோட்டு. நின்றபடியே படித்தார். இரண்டு முறை படித்தார்.

"அந்தம்மாவை என்ன பண்ணீங்க?"

"அனுப்பிட்டாங்க."

"நீ?"

"இருக்கேன்."

"நல்லாருக்குப்பா."

இதற்கு அவர் கன்னத்தில் அறைந்திருக்கலாம். தாளை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டு, "உங்க மேனேஜர்கிட்ட நான் பேசிக்கிறேன். உனக்கு இப்ப வேலை இருக்கா?" என்றார்.

"இல்லை."

"இருக்கு. உக்காரு." நோட்டையும் போனையும் என் பக்கம் தள்ளினார். "நாப்பது பேருக்குச் சொல்லியாச்சு. மிச்சத்தை நீ கூப்பிடு. வெள்ளிக்கிழமைக்குள்ள புள்ளையைத் தூக்கிட்டு வரச் சொல்லு. ஏன்னு கேட்டா உண்மையைச் சொல்லு."

அந்த நோட்டில் இருந்த நம்பர்கள். கடவுளே. "மாடி வீட்டில் கேட்கவும்." "அப்பா ஆபீஸ், இரண்டு மணிக்கு மேல்." "தையல் கடை, அவர் சொல்லிவிடுவார்." ஒன்றுக்கும் முறை கிடையாது. ஒன்றையும் எந்தக் கம்ப்யூட்டரும் அடிக்க முடியாது. நான் அடித்தேன், ஒவ்வொன்றாக, இடது விரலை நோட்டில் வைத்துக்கொண்டு. தையல் கடைக்காரர், "இருங்க, கூப்பிடுறேன்" என்று போனை வைத்துவிட்டுப் போனார். தையல் மெஷின் ஓடுவது கேட்டது, யாரோ செருப்பை இழுத்துக்கொண்டு வருவது கேட்டது. ஏழு நிமிடம் காத்திருந்தேன். ஒரு பெண் மூச்சு வாங்க வந்து, "என் புள்ளைக்கு என்ன ஆச்சு?" என்றாள்.

"ஒண்ணும் ஆகலைம்மா. போட்ட மருந்து கெட்டுப் போனது. திரும்பப் போடணும்."

"எப்படிக் கெட்டுச்சு?"

"கெட்டுப்போனது தெரியாம நான் விட்டுட்டேன்."

"நீ யாரு?"

சொன்னேன். திட்டினாள். நன்றாகத் திட்டினாள். பிறகு என்றைக்கு வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டாள்.

ஜூலை 23, புதன்

நாற்பத்தாறு வீட்டுக்கும் சொல்லி முடித்தேன். தொண்டை கட்டிவிட்டது. வாய் வைத்துப் பேசிய அந்தப் போனில் ஊராரின் எச்சில் வாடை எல்லாம் இருந்தது. துடைக்கத் தோன்றவில்லை.

மேனேஜர் கூப்பிட்டார். கத்தவில்லை. ஆஸ்பத்திரிக்காரர்கள் நானூற்றுப் பன்னிரண்டு இடத்தையும் நேரில் போய்ச் சரிபார்த்து எழுதித் தரச் சொல்லிவிட்டார்களாம். "நீங்கதானே நேர்மையானவர். நீங்களே போய்ட்டு வாங்க." கம்ப்யூட்டர் அறைச் சாவியை வாங்கி வைத்துக்கொண்டார். நாளையிலிருந்து மெக்கானிக்கின் வண்டியில் பின் சீட்.

ஆகஸ்ட் 4, திங்கள்

இதுவரை தொண்ணூற்றாறு இடம். ஒரு ஆய்வகத்தில் பெட்டிக்குப் பின்னால் எலி செத்துக் கிடந்தது. இன்னொன்றில் மருந்தோடு மருந்தாகக் காவலாளியின் சாப்பாட்டுத் தூக்கு. மெக்கானிக் ஒவ்வொரு இடத்திலும் ரிசீவரைக் காதில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு விரல் விட்டு எண்ணுகிறார். இரண்டு மூச்சு. நாலு மூச்சு.

"கடிகாரத்தை வச்சுச் செகண்டா எழுதினா என்னண்ணே?"

"எழுதேன். யாரு வேண்டாம்னா?"

செகண்டாகவும் எழுதுகிறேன். ஒரு மூச்சு இரண்டு செகண்ட். பதினைந்து வருடமாக மாறாமல் இரண்டு செகண்ட். இதைக் கண்டுபிடித்து எரிச்சலாக இருந்தது.

ஆகஸ்ட் 13, புதன்

மேனேஜர் டைப்பிஸ்ட் அம்மாவைத் திரும்பக் கூப்பிட்டுவிட்டாராம். இரக்கமெல்லாம் இல்லை. டைப் பண்ண வைத்த புதுப் பையன் ஒரு வாரத்தில் எழுபது நம்பரை மாற்றி அடித்துவிட்டான். ஆஸ்பத்திரியும் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. அவர், வருகிறேன், ஆனால் எழுதிக் கொடுங்கள் என்றாராம். தப்பு என்னுடையதில்லை என்று ஆபீஸ் முத்திரையோடு தாள் கைக்கு வந்தால்தான் நாற்காலியில் உட்காருவேன் என்றாராம். கொடுத்திருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 18, திங்கள்

வந்துவிட்டார். மெத்தை, டம்ளர், கண்ணாடிக் கூடு, எல்லாம் பழைய இடத்தில்.

போய் நின்றேன். ஒத்திகை பார்த்ததெல்லாம் போய்விட்டது. "மன்னிச்சிடுங்க" என்று மட்டும் வந்தது.

"சரிங்க சார்" என்றார். தம்பி இல்லை. சார்.

அவர் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இரண்டு தாள். ஒன்று முத்திரை போட்டது. இன்னொன்று என் பிழைப் பட்டியல். பத்தொன்பது வரிக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் 'சரி' என்று எழுதியிருக்கிறது. எட்டுக்குப் பக்கத்தில் 'கார்டு தப்பு'. மிச்சம் நாலுக்குப் பக்கத்தில் 'என் தப்பு'. மேசைக்கு வரும் எல்லாரும் படிக்கலாம். படிக்கிறார்கள்.

எடுத்துவிடச் சொல்ல எனக்கு வாயில்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

நானூற்றுப் பன்னிரண்டும் முடிந்தது. கம்ப்யூட்டர் அறைச் சாவி இன்னும் வரவில்லை. கேட்கவும் இல்லை.

இன்று புது இடம் ஒன்று சேர்ந்தது, ஒரு பிரசவ ஆஸ்பத்திரி. பெட்டியை மெக்கானிக் மாட்டினார். கார்டை நான் எழுதினேன். கூட்டல் குறி, நாட்டு எண், ஊர் எண், ஆறு இலக்கம், மூன்று புள்ளி, கிளை எண். சுத்தமான கையெழுத்து. டைப்பிஸ்டிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இடது விரலை வைத்து நகர்த்திக்கொண்டே வந்தவர் புள்ளியில் நிறுத்தினார்.

"மூணுன்னு எண்ணிப் பார்த்தீங்களா? இல்லே வழக்கமா மூணுன்னு போட்டீங்களா?"

எண்ணவில்லை. வழக்கமாக மூன்று என்று போட்டிருந்தேன்.

"தெரியலை" என்றேன். "இருங்க, கேட்டுப் பாக்குறேன்."

அவருடைய போனிலேயே அடித்தேன். பெரிய நம்பர். எக்ஸ்சேஞ்சு எடுத்தது. ரிசீவரைக் காதோடு அழுத்தி, மூச்சை விட்டு விட்டு எண்ணினேன். மூன்றில் கிளை எண் 31-ஐ அடித்தேன். விழவில்லை. வைத்துவிட்டு மறுபடி அடித்தேன், நாலிலும் விழவில்லை. மூன்றாம் முறை ஐந்து வரை பொறுத்தேன். அந்தப் பக்கம் மோடம் கீச்சிட்டது.

"அஞ்சு" என்றேன்.

கார்டை என் பக்கம் திருப்பி வைத்து, தன் பேனாவை நீட்டினார். இன்னும் இரண்டு புள்ளி வைத்தேன். வாங்கி ஒருமுறை பார்த்துக்கொண்டு, இடது விரலைக் கார்டில் வைத்து அடிக்க ஆரம்பித்தார்.

கடைசி இலக்கம் விழும் வரை பக்கத்திலேயே நின்றிருந்தேன்.